டிக்கிக்குள் இறங்கும் நீர்: தருமபுரி வட்டாரக் கார் ஒயரிங் தொழிலின் வரலாறு

காரின் டிக்கிக்குள் ஒழுகும் நீர் மூன்று வகையில் மின் இணைப்பைக் கெடுக்கிறது. பாடியோடு முடுக்கிய எர்த் முனையைத் துருவேற்றுகிறது. கப்ளருக்குள் புகுந்து செம்புப் பின்களைப் பச்சை பூக்க வைக்கிறது. அங்கே பொருத்தப்பட்ட மின்னணுப் பெட்டிகளை நனைத்து முடக்குகிறது. முதலாவது அம்பாசடர் காலத்துப் பழுது. இரண்டாவது, மாருதிக்குப் பின் பிளாஸ்டிக் கப்ளர்கள் பெருகியபோது வந்தது. மூன்றாவது இந்த நூற்றாண்டுக்கு உரியது. சேலம்–பெங்களூரு சாலையை நம்பி வளர்ந்த தருமபுரி வட்டாரத்து ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறைகள் இம்மூன்றையும் அடுத்தடுத்துக் கண்டவை. இந்த வரலாறு நெடுக ஒரு செய்தி மாறாமல் வருகிறது: கெட்ட ஒயரை மட்டும் தேடிய பட்டறைக்கு அடுத்த மழையில் வண்டி திரும்பி வந்தது, தண்ணீர் வந்த வழியைத் தேடிய பட்டறைக்கு வரவில்லை.

மழை குறைந்த மாவட்டத்தில் ஒழுகல் எப்படி ஒரு தொழிலுக்குத் தீனி போடும் என்று கேட்கத் தோன்றும். தருமபுரியின் ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். அதுவும் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவங்களிலும் பிரிந்து பெய்வது. ஆனால் டிக்கி ஒழுகலுக்கு மழையைவிட வெயிலே பெரிய காரணம். பங்குனி தொடங்கிக் கத்திரி முடியும் வரை நிழலில்லாமல் நிற்கும் காரின் ரப்பர் பீடிங் இறுகி, நெகிழ்வு போய், மூலைகளில் வெடிக்கிறது. கல்குவாரிச் சாலைகளின் புழுதி வடிகால் துளைகளில் படிகிறது. சாலையோரப் புளியமரங்களின் பொடி இலைகள் கண்ணாடி அடியிலும் டிக்கி விளிம்பில் ஓடும் கால்வாயிலும் சேர்ந்து மக்குகின்றன. மாதக்கணக்கில் இதெல்லாம் நடந்து முடிந்த பிறகு, ஐப்பசியில் ஓர் இரவு கொட்டும் மழை அத்தனை ஓட்டைகளையும் ஒருசேரக் காட்டிக்கொடுக்கிறது. அடிக்கடி நனையும் கேரளத்துக் காரில் ஒழுகல் சிறிதாக இருக்கும்போதே தெரிந்துவிடும். தருமபுரிக் காரில் அது முற்றிய பிறகுதான் தெரியும்.

நீரின் தன்மையும் இதில் சேர்ந்துகொள்கிறது. சுத்தமான மழைநீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். உப்புகள் கரைந்த நீர் நன்றாகக் கடத்தும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்திருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தீட்டப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஃபுளூரைடு ஒயருக்குத் தனியாகத் தீங்கு எதுவும் செய்துவிடாது. ஆனால் ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள மற்ற உப்புகள் செய்யும். வாட்டர் சர்வீஸ் பட்டறையில் அந்த நீரை பம்ப் அழுத்தத்தில் டிக்கி விளிம்பில் பீய்ச்சும்போது, சாதாரண மழை நுழையாத இடுக்கிலும் அது நுழைகிறது. காய்ந்த பின் கப்ளரில் வெண்படலமாக நின்று, அடுத்த முறை ஈரம் பட்டதும் மீண்டும் மின்சாரம் கசியும் பாதையாகிறது. மழையே பெய்யாத மாதத்தில் பின்விளக்கு கெட்டது என்று வரும் வண்டிகளில், கடைசியாகக் கார் எப்போது கழுவப்பட்டது என்று விசாரிப்பது தொழில் தெரிந்தவர்களின் வழக்கம்.

இத்தொழிலுக்கு வித்திட்டது சாலை. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் திறக்கப்பட்டு, பின்னர் ஓசூர் வரை நீண்ட குறுகிய ரயில் பாதை 1941-இல், இரண்டாம் உலகப் போரின் நடுவே, மூடப்பட்டது. அதன் பிறகு சில பத்தாண்டுகள் தருமபுரி ஊர் பேருந்தையும் லாரியையுமே நம்பியிருந்தது. அப்போது அது சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி; தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2 அன்று. போர்க்காலத்தில் பெட்ரோல் கட்டுப்பாட்டால் சென்னை மாகாணமெங்கும் பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. அந்த வண்டிகளின் மின்சார வேலை என்பது பேட்டரி, டைனமோ, நான்கைந்து விளக்குகள், ஒரு ஹாரன் என்பதோடு முடிந்தது.

அதற்கும் முந்தைய தலைமுறைக் கார்களில் இவ்வளவுகூட இல்லை. முகப்பு விளக்குகள் கார்பைடில் தண்ணீர் சொட்டவிட்டு உண்டாக்கிய அசெட்டிலின் வாயுவில் எரிந்தன. எஞ்சினைக் கைப்பிடியால் சுற்றித்தான் உயிர்ப்பித்தார்கள். 1912-இல் அமெரிக்கக் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் வந்த பிறகே பேட்டரி காரின் நிலையான உறுப்பாயிற்று. அக்காலக் கார்களுக்கு இன்றைய பொருளில் டிக்கி கிடையாது. பின்னால் ஒரு திறந்த மடக்கு இருக்கை இருக்கும். அல்லது வார் போட்டுக் கட்டிய பெட்டி இருக்கும். இரும்புத் தகட்டால் முழுதும் மூடிய பாடி பரவிய 1930களில்தான் மூடியோடு கூடிய டிக்கி வழக்கமாயிற்று. திறந்த இடத்தில் விழுந்த நீர் வெயிலில் காய்ந்துவிடும். மூடிய டிக்கிக்குள் போன நீர் ஸ்டெப்னிக் குழியில் நாள்கணக்கில் நிற்கும். டிக்கி ஒழுகல் என்ற சிக்கலுக்கு வயது இவ்வளவுதான்.

சுதந்திரத்துக்குப் பின் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடிய கார்கள் பெரும்பாலும் மூன்று. மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மாதிரியைக் கொண்டு 1950களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை செய்த அம்பாசடர். பம்பாயின் ஃபியட், பிற்காலப் பெயரில் பிரீமியர் பத்மினி. சென்னையின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பிரிட்டிஷ் வழிவந்த வண்டிகளின் ஒயர்கள் லூகாஸ் நிறுவனத்தின் நிறமுறையைப் பின்பற்றின. பின்பக்கம் போகும் ஒயர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்: சிவப்பு பார்க்கிங் விளக்குக்கு, பச்சையில் ஊதாக் கோடு பிரேக் விளக்குக்கு, பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டருக்கு, பச்சையில் வெள்ளைக் கோடு வலது இண்டிகேட்டருக்கு, கறுப்பு எர்த்துக்கு. எழுதப் படிக்கத் தெரியாத பையன்கூடப் பட்டறையில் சேர்ந்த சில மாதங்களில் இந்த நிறங்களை மனப்பாடமாக்கிவிடலாம். ஒயரிங் படம் என்று தாளில் ஒன்று தேவைப்படாத காலம் அது. ஜோசஃப் லூகாஸுக்கு இங்கிலாந்துக் கார்ப் பிரியர்கள் ‘இருளின் இளவரசர்’ என்று கேலிப்பெயர் வைத்ததும் லூகாஸ் நிறுவனத்தின் மின் உறுப்புகளை வைத்துத்தான். இந்தியாவில் அவற்றைச் செய்ய 1961-இல் சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் தொடங்கப்பட்டது. அதன் பிறகு டைனமோ, செல்ஃப் மோட்டார் உதிரிகள் சிற்றூர்ப் பட்டறைகளுக்கும் எளிதாகக் கிடைக்கலாயின.

அக்காலத்துப் பெயர்ப் பலகைகளில் ‘பேட்டரி, டைனமோ, செல்ஃப்’ என்ற மூன்று சொற்கள் இருக்கும். ஒயரிங் என்பது பலகையில் இல்லாத உபதொழில். வருமானம் ஆர்மேச்சர் சுற்றுவதிலும், கம்யூட்டேட்டரை லேத்தில் சீவுவதிலும், கார்பன் பிரஷ் மாற்றுவதிலும் இருந்தது. பேட்டரியையும் பட்டறையிலேயே பிரித்துக் கட்டுவார்கள். கெட்டியான ரப்பர் பெட்டியின் மேல் ஊற்றிய தாரை உருக்கி, பழுதான செல்லை வெளியே எடுத்து, புதிய ஈயத் தட்டுகளைப் பொருத்தி, மீண்டும் தார் ஊற்றி மூடுவார்கள். ஆசிட்டின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரில் பார்ப்பார்கள், 1.26 காட்டினால் முழுச் சார்ஜ். கார்களைவிட லாரிகளே முக்கிய வாடிக்கை. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயில் பிரேக் விளக்கு எரியாத லாரி பின்னால் வருபவனுக்கு எமன். இறக்கத்துக்கு முன் பின்விளக்கைச் சரிபார்த்துக்கொள்வது கவனமான ஓட்டுநர்களின் பழக்கம். அது பட்டறைகளுக்கும் வேலை தந்தது.

அம்பாசடர் டிக்கியின் பழுது பெரும்பாலும் எர்த் பழுது. காரில் ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு ஒயர் இழுப்பதில்லை. ஒன்று பேட்டரியிலிருந்து வரும், மற்றொன்றின் வேலையை இரும்பு பாடியே செய்யும். பின்விளக்குக் கூடு பாடியோடு தொடும் இடத்தில் ஈரம் பட்டுத் துருப்பிடித்தால் மின்சாரம் திரும்பும் வழி அடைபடுகிறது. வழி அடைபட்ட மின்சாரம் நின்றுவிடாது. பக்கத்து பல்பின் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் விளக்கு சேர்ந்து மினுக்கும். புதியவருக்கு இது ஒயர் மாறிப்போன குழப்பமாகத் தோன்றும். அனுபவசாலி ஒயரைத் தொடவே மாட்டார். பேட்டரியின் எர்த் முனையிலிருந்து ஒரு நீள ஒயரை இழுத்து விளக்குக் கூட்டில் வைத்துப் பார்ப்பார். எல்லாம் ஒழுங்காக எரிந்தால் நோய் எதுவென்று முடிவாகிவிட்டது.

அடுத்து அவர் செய்ததுதான் இத்தொழிலின் நெடுநாள் குறை. துருவைச் சுரண்டி, தனியாக ஒரு எர்த் ஒயர் போட்டு, வண்டியை அனுப்பிவிடுவார். ‘தனி எர்த்’ போடும் இந்த வழக்கம் இன்றுவரை உயிரோடிருக்கிறது. அது விளக்கை எரியவைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் துரு பிடிக்கக் காரணமான நீர் உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். நாலைந்து மழைக்குப் பின் தனி எர்த்தின் நுனியும் துருவேறும். அதன் மேல் இன்னொரு தனி எர்த் போடுவார்கள். பழைய அம்பாசடர் டிக்கிகளில் இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக டேப் சுற்றிய ஒயர்க் கத்தைகள் தொங்கியதற்கு இதுவே காரணம். அக்காலத்தில் இதனால் பெரிய கேடு விளையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கெட்டுப்போக அங்கே இருந்தது பல்பும் ஹோல்டரும் மட்டுமே.

பிரிட்டிஷ் கார்களில் பல, 1930களிலிருந்து 1960களின் நடுப்பகுதி வரை, பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாடியோடு இணைத்தன. இப்படிச் செய்தால் ஒயர் முனைகளில் அரிப்பு குறையும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பிறகு உலகம் முழுதும் நெகட்டிவ் எர்த்துக்கு மாறியது. 1960-இல் கிரைஸ்லர் தன் கார்களில் பொருத்திய ஆல்டர்நேட்டர் சில ஆண்டுகளில் டைனமோவை ஓரங்கட்டியது. முனை மாற்றிப் பேட்டரி கொடுத்தால் ஆல்டர்நேட்டரின் டயோடுகள் நொடியில் எரிந்துபோகும். டைனமோ வேலையில் பழகிய கைகளுக்குக் கிடைத்த முதல் மின்னணுப் பாடம் அதுதான்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன் எடை, மைலேஜ், விலை பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. ஒயரிங் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. ஜப்பானிய முறையில் காரின் ஒயர்கள் முழுவதும் ஒரே கத்தையாகத் தொழிற்சாலையிலேயே கட்டப்பட்டு, கிளைதோறும் பிளாஸ்டிக் கப்ளர்களில் முடிந்தன. நிறங்கள் லூகாஸ் முறையில் இல்லை. திருகி முடுக்கும் இணைப்புகள் போய், அழுத்திச் செருகும் இணைப்புகள் வந்தன. இதில் டிக்கிக்கு ஒரு தனிக் கேடு ஒளிந்திருந்தது. எஞ்சின் அறையில் நீர் தெறிக்கும் என்று வடிவமைப்பாளருக்குத் தெரியும். ஆகவே அங்குள்ள கப்ளர்களுக்கு ரப்பர் சீல் உண்டு. பயணிகள் இருக்கும் பகுதியும் டிக்கியும் காய்ந்த இடங்கள் என்பது அவர் கணக்கு. அங்குள்ள பெரும்பாலான கப்ளர்களுக்குச் சீல் கிடையாது. பீடிங் வெடித்த அன்றே அந்தக் கணக்கு பொய்யாகிவிடுகிறது.

சீலில்லாத கப்ளரில் ஈரம் இருக்கும்போது மின்சாரமும் ஓடினால் அரிப்பு பலமடங்கு விரைவாகிறது. எப்போதும் பேட்டரியோடு இணைப்பிலிருக்கும் பின் முதலில் கரையும். செம்பு பச்சையாகப் பூக்கிறது; பின் மெலிந்து முறிகிறது. இதைவிடக் கொடியது ஒயருக்குள்ளேயே நடப்பது. பல இழைகள் முறுக்கிய செம்பு ஒயரின் இடுக்குகள், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, நீரை உள்ளிழுக்கும். மேலே பிவிசி உறை பளபளவென்றிருக்கும். வெட்டிப் பார்த்தால் ஒரு சாண் தூரம் உள்ளே கறுத்திருக்கும். கறுத்த செம்பில் சோல்டர் ஒட்டாது. பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போய்ப் புது ஒயர் இணைப்பதுதான் சரியான வேலை. நுனியை மட்டும் வெட்டிப் புதுக் கப்ளர் செருகியவரிடம் வண்டி ஆறு மாதத்தில் திரும்பி வரும்.

2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும் வரை ஓசூரும் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே சிப்காட் தொழிற்பேட்டையும், 1980-இல் தொடங்கிய அசோக் லேலண்ட் ஆலையும், டிவிஎஸ் மொபெட் ஆலையும் வந்ததால், வண்டி செய்யும் தொழிலும் வண்டி பழுதுபார்க்கும் தொழிலும் ஒரே மாவட்டத்தில் அருகருகே இருந்தன. கடகத்தூரில் அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. நாட்டின் ஐடிஐ பாடத்திட்டத்தில் மோட்டார் வாகன மெக்கானிக் ஒரு பிரிவு. ஆட்டோ எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் தனிப் பிரிவு. ஆனாலும் சாலையோரப் பட்டறைகளின் கல்வி பெரும்பாலும் குருகுலம்தான்: பையனாகச் சேர்ந்து, டெஸ்ட் லாம்ப் பிடித்து, பிறகு தனிக்கடை போடுவது. டெஸ்ட் லாம்ப் என்பது ஒரு பல்பும் இரண்டு ஒயரும் ஊசிமுனையும். அம்பாசடருக்கு அது போதும். பிற்காலக் கார்களில் அதுவே ஆபத்தாயிற்று. மின்னணுப் பெட்டியின் மெல்லிய சிக்னல் ஒயரில் டெஸ்ட் லாம்ப் வைத்தால், அது இழுக்கும் மின்னோட்டமே பெட்டியைக் கெடுத்துவிடலாம். உறையை ஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கமும் அப்படியே. ஒவ்வொரு குத்தும் நீருக்கு ஒரு புது வாசல்.

2000-ஆம் ஆண்டையொட்டிப் பெட்ரோல் கார்களில் கார்புரேட்டர் மறைந்து எரிபொருள் இஞ்செக்ஷன் வந்தது. அதோடு மின்சார பெட்ரோல் பம்பு டேங்குக்குள் போயிற்று. அதன் கப்ளர் பின்சீட்டின் அடியிலோ டிக்கித் தரையிலோ அமைந்தது. அதுவரை டிக்கி ஒழுகலால் விளக்குதான் கெடும். இப்போது வண்டியே நின்றுவிடும். முன்னால் எஞ்சினைக் குடைந்துகொண்டிருக்கும் மெக்கானிக்குக் குற்றவாளி பின்சீட்டின் அடியில் இருப்பது தோன்றாமல் போவதும் உண்டு.

அதே காலத்தில் வாடிக்கையாளர்களும் டிக்கியைத் துளைக்க ஆரம்பித்தார்கள். மோட்டார் வாகனங்களில் எல்பிஜி பயன்படுத்த 2000-இல் சட்ட அனுமதி கிடைத்ததும் டிக்கிக்குள் காஸ் சிலிண்டர் வைப்பது பரவியது. சிலிண்டரைத் தாங்கும் போல்ட்டுகளுக்கும், கசியும் வாயு வெளியேறும் குழாய்களுக்கும் தரையில் துளையிட வேண்டும். பாட்டுக்கு ஆம்ப்ளிஃபயரும் ஊஃபரும் டிக்கியில் ஏறின. ரிவர்ஸ் கேமரா, பார்க்கிங் சென்சார், டிக்கி மூடியின் மேல் ஸ்பாய்லர், கூரையில் சுறாத் துடுப்பு ஆன்டெனா என ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை. துளைக்கு ரப்பர் குரோமெட் போட்டு, வெட்டிய தகட்டின் விளிம்பில் பெயின்ட் தடவினால் கெடுதல் இல்லை. அவசர வேலையில் இரண்டும் விட்டுப்போகும். டிங்கர் பட்டறைகளுக்கும் இதில் பங்குண்டு. பின்னால் இடிபட்ட காரில் தகட்டைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடிப்பார்கள். தகடுகள் சேரும் இடத்தில் தொழிற்சாலை பூசியிருந்த சீலன்ட்டை மீண்டும் பூச மாட்டார்கள். பின்விளக்கின் அடியிலுள்ள ஸ்பாஞ்சு காஸ்கெட் கிழிந்திருந்தாலும் அதையே வைத்து முடுக்குவார்கள். பழுதுபார்த்த இடமே பழுதின் ஊற்றாவது இப்படித்தான்.

மூன்றாம் கட்டம் ஜெர்மனியிலிருந்து வந்தது. ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனி ஒயர் இழுத்தால் கத்தை கனத்துக்கொண்டே போகும் என்பதால், எல்லா மின்னணுப் பெட்டிகளும் ஒரே ஒயர் ஜோடியில் பேசிக்கொள்ளும் ‘கேன்’ என்ற முறையைப் பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்தியது. உயர்விலைக் கார்களில் தொடங்கி, இருபது ஆண்டுகளில் சாதாரணக் கார்களுக்கும் அது இறங்கிவந்தது. பெட்டிகளை வைக்க டிக்கியின் பக்கச் சுவர்கள் வசதியான இடமாயின. எஞ்சின் சூட்டிலிருந்து விலக்கி வைக்கவும் எடையைச் சமன்செய்யவும் பேட்டரியையே டிக்கிக்குக் கொண்டுபோன கார்களும் உண்டு. 1959-இன் பழைய மினி அதைச் செய்தது, பிஎம்டபிள்யூவின் பல மாடல்கள் செய்தன, மெர்சிடிஸ் இ-கிளாஸின் ஒரு தலைமுறை பேட்டரியோடு ஃபியூஸ் பெட்டியையும் சேர்த்து டிக்கியில் வைத்தது. புதிதாக இருக்கும்போது இவை கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போகும். பத்து வயதாகிக் கைமாறிய பின், பெங்களூருச் சாலையில் எந்தப் பட்டறை திறந்திருக்கிறதோ அதற்குப் போகும்.

கேன் முறையில் நீர் செய்யும் சேட்டை வேறு வகை. அந்த ஒயர் ஜோடியில் தகவல் இல்லாதபோது இரண்டிலும் ஏறத்தாழ 2.5 வோல்ட் இருக்கும். தகவல் போகும்போது ஒன்று ஏறும், மற்றொன்று இறங்கும். டிக்கியில் ஒரு பெட்டி நனைந்து இந்த ஜோடியை ஷார்ட் செய்துவிட்டால், அதோடு இணைந்த எல்லாப் பெட்டிகளும் ஊமையாகின்றன. மீட்டர் போர்டில் விளக்குகள் ஒருசேர எரியும், கதவுப் பூட்டு கேட்காது, சில கார்களில் செல்ஃபே எடுக்காது. ஸ்கேனரைச் செருகினால் பத்துப் பதினைந்து பழுதுகளின் பட்டியல் வரும். அனுபவமில்லாதவர் அதைப் பார்த்து விலையுயர்ந்த உதிரிகளை மாற்றத் தொடங்குவார். விவரம் தெரிந்தவர் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, அந்த ஜோடிக்கு நடுவே மீட்டர் வைத்துப் பார்ப்பார். இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை இருப்பதால் நடுவில் 60 ஓம் காட்ட வேண்டும். அதில் மாறுபாடு இருந்தால், பெட்டிகளின் கப்ளரை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போவார். எதைக் கழற்றும்போது எண் சரியாகிறதோ அதுவே நனைந்த பெட்டி. பாரத் ஸ்டேஜ் IV விதிகளின் கீழ் 2013 ஏப்ரலிலிருந்து புதிய கார்களில் பழுதறியும் ஓபிடி-2 அமைப்பு கட்டாயமானது. அதன் பின் ஸ்கேனர் இல்லாத பட்டறை பாதி வேலையைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. ஆனால் எந்தப் பெட்டி பேசவில்லை என்றுதான் ஸ்கேனர் சொல்லும். ஸ்டெப்னிக் குழியில் தண்ணீர் நிற்பதைச் சொல்லாது.

இரவில் பேட்டரி இறங்கிப்போவதும் டிக்கி ஒழுகலின் அறிகுறிதான். டிக்கிப் பூட்டுக்குள் இருக்கும் சிறு சுவிட்ச் நனைந்தால், மூடிய டிக்கியைத் திறந்திருப்பதாகக் கார் எண்ணிக்கொள்ளும். உள்ளே 5 வாட் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். அது இழுப்பது சுமார் 0.4 ஆம்பியர். 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு நாளில் பாதியாகிவிடும். மூடிய டிக்கிக்குள் விளக்கு எரிவதை யாரும் பார்க்க முடியாது என்பதால் பேட்டரி மேல் பழி விழும். புதுப் பேட்டரியும் மூன்றாம் நாள் படுத்துவிடும். எல்லாம் உறங்கிய காரில் 50 மில்லி ஆம்பியருக்குள் ஓடினால் குற்றமில்லை. ஆனால் புதிய கார்கள் பூட்டியவுடன் உறங்குவதில்லை. அரை மணிநேரம் பொறுத்த பிறகே அளக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாமல் அளந்து ‘லீக்கேஜ்’ என்று சொல்லப்பட்ட கார்கள் ஏராளம்.

இன்று ஒழுங்கான பட்டறையில் வேலை நீரிலிருந்து தொடங்குகிறது. டிக்கியைக் காலிசெய்து, பாய், பக்க அட்டைகள், ஸ்டெப்னி எல்லாவற்றையும் எடுத்து, துணியால் துடைத்துக் காயவைக்கிறார்கள். தகடு சேரும் இடங்களில் முகப்பவுடரோ சாக்குப்பொடியோ தூவுகிறார்கள். ஒருவர் டார்ச்சுடன் உள்ளே படுத்துக்கொள்ள, மற்றவர் வெளியிலிருந்து ஹோஸ் பைப்பில் மெதுவாக நீர் விடுகிறார். கீழிருந்து மேலாகப் போவது முக்கியம்: முதலில் பம்பருக்குப் பின்னுள்ள காற்றுத் திறப்பு, பிறகு பின்விளக்கு, டிக்கி விளிம்பு, மேல் பிரேக் விளக்கு, பின் கண்ணாடி, கடைசியில் கூரை. மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும். ஓட்டை எதுவென்று பிரித்தறிய முடியாது. டிக்கி மூடிக்குப் போகும் ஒயர்கள் நுழையும் ரப்பர் குழாயை மடக்கிப் பார்க்க வேண்டும். திறந்து மூடும் இடத்தில் அது வெடிக்கும், நீர் ஒயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கும். சன்ரூஃப் உள்ள கார்களில் நான்கு மூலை வடிகால் குழாய்களில் பின்னிரண்டு டிக்கியின் ஓரமாக இறங்குகின்றன. தூசியும் இலையும் அடைத்தால் அந்த நீர் முழுவதும் உள்ளே கவிழும். அண்மை ஆண்டுகளில் நடுத்தர விலைக் கார்களிலும் சன்ரூஃப் வந்துவிட்டதால் இந்த வகை பெருகும் என்பதில் சந்தேகமில்லை.

வழி அடைபட்ட பிறகுதான் ஒயருக்கு வர வேண்டும். எர்த் முனையைப் பெயின்ட் போகச் சுரண்டி, புது போல்ட் முடுக்கி, மேலே கிரீஸ் தடவி, விளக்கு எரியும்போது அந்த இணைப்பில் எவ்வளவு வோல்ட் இழக்கப்படுகிறது என்று அளக்கிறார்கள், 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. கேன் ஜோடியில் ஒட்டுப்போட நேர்ந்தால் பழைய முறுக்கைக் கெடுக்காமல் ஒட்ட வேண்டும். வெளிமின் குறுக்கீட்டை அந்த முறுக்குதான் விலக்குகிறது. ஒழுகலை அடைக்க நேரமில்லாத இடங்களில் ஸ்டெப்னிக் குழியின் ரப்பர் மூடியைக் கழற்றிவிடுவதும், மூடி இல்லையென்றால் ஒரு துளை போட்டுவிடுவதும் நடக்கிறது. உள்ளே வந்த நீர் வெளியே போகும், உண்மைதான். போகும் முன் பக்கச் சுவர்களின் பெட்டிகளை நனைத்துவிட்டே போகும். சாலைப் புழுதியும் அந்தத் துளை வழியே மேலேறும்.

ஒழுகல் வேறு, வெள்ளம் வேறு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் காப்பீட்டு நிறுவனங்களால் ஏலம் விடப்பட்ட கார்கள் பழுதுபார்க்கப்பட்டுப் பழைய கார் சந்தைக்கு வந்தன. தருமபுரி வட்டாரத்துக்கு வெள்ளம் நேரடியாக வந்தது 2024 டிசம்பர் தொடக்கத்தில். புதுச்சேரி அருகே கரைகடந்த ஃபெஞ்சல் புயல் உள்நாட்டில் நகர்ந்து, ஒரே நாளில் அரூரில் 33 சென்டிமீட்டரும், கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டரும் மழை கொட்டியது. ஊத்தங்கரையில் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் தண்ணீரில் அடித்துச் செல்லப்பட்டன. ஓராண்டு மழையில் பாதிக்கும் மேல் ஒரு நாளில் விழுந்தபோது பீடிங் நன்றாயிருந்த காரும் தப்பவில்லை. வெள்ளத்தில் நின்ற காரில் சாவியைத் திருப்பாமல் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிட வேண்டும். ஈரக் கப்ளரில் மின்சாரம் ஓடும் ஒவ்வொரு மணிநேரமும் அரிப்பை வளர்க்கும்.

காப்பீட்டிலும் இந்த வேறுபாடு செல்லுபடியாகிறது. முழுக் காப்பீடு உள்ள காருக்கு வெள்ளச் சேதத்தில் இழப்பீடு கேட்க இடமுண்டு. பீடிங் வெடித்துச் சிறுகச் சிறுக ஒழுகிக் கெட்ட பெட்டி தேய்மானக் கணக்கில் சேரும். அதன் விலையை உரிமையாளரே கொடுக்க வேண்டும். ஆவணி, புரட்டாசிக்குள் ஒருமுறை டிக்கிப் பாயைத் தூக்கி, ஸ்டெப்னியை எடுத்து, குழியைக் கையால் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் ஒயரிங் பட்டறைக்குப் போகும்போது விளக்கு எரியவில்லை என்று சொல்லாமல், டிக்கி ஒழுகுகிறது என்று சொல்லுங்கள்.